மூணாம் லயத்துச் சோழி

குழந்தையைக் கண்டால் எல்லோரும் கன்னத்தைக் கிள்ளுவார்கள். நான் சொல்லப்போகிற மனிதர் இடது விலாவுக்குக் கீழே இரண்டு விரலை வைத்து அழுத்துவார். அழுத்திவிட்டு "இருக்கு" என்பார், அல்லது "இல்லை" என்பார். அதற்குமேல் அந்தக் குழந்தையிடம் அவருக்கு வேலை கிடையாது. இருக்கு என்றால் மலைக்காய்ச்சலில் மண்ணீரல் வீங்கிக் கட்டியாக நிற்கிறது என்று பொருள். எங்கள் தோட்டத்து லயங்களில், வரிசையாகக் கட்டிய கூலிவீடுகளில், அந்தக் கட்டி இல்லாத குழந்தையைத் தேடத்தான் வேண்டும். நாளடைவில் பிள்ளைகள் அவர் வருவதைப் பார்த்ததும் தாமாகவே சட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்கப் பழகிவிட்டன. சட்டை இல்லாததுகள் வயிற்றை எக்கிக்கொண்டு நிற்கும். இவர் பாட்டுக்கு அழுத்திக்கொண்டே போவார். ஊரில் அவருடைய அம்மா இதைப் பார்த்திருந்தால் தீட்டு என்று ஆற்றில் இறக்கித் தலைமுழுக வைத்திருப்பாள்.

நான் அப்போது உடும்பஞ்சோலைக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் கம்பவுண்டர். இரண்டாவது பெரிய யுத்தம் வருவதற்குச் சில வருஷங்களுக்கு முன்பு. டாக்டர் என்று ஒருவர் உண்டு. அவருக்குப் பார்க்கப் பல தோட்டங்கள், ஒரு மட்டக்குதிரை, ஓயாத முதுகுவலி. அவர் வராத நாளில் நான்தான் டாக்டர், அதாவது அநேகமாக எல்லா நாளும். காலையில் காய்ச்சலுக்குக் கொயினாத் தண்ணீர் கலக்குவேன். மத்தியானம் வரிசையில் நிற்கிறவர்கள் வாயில் ஊற்றுவேன். சாயங்காலம் எனக்கே குளிர் எடுத்தால் நானும் ஒரு வாய் குடித்துவிட்டுக் கம்பளிக்குள் புகுந்துகொள்வேன். போடியிலிருந்து மலையேறி வந்தபோது இருந்த உற்சாகமெல்லாம் இரண்டே மழையில் ஊறி நைந்துபோயிருந்தது. செத்தவர்களைக்கூட அலுப்போடுதான் பார்த்துக்கொண்டிருந்தேன், அந்தச் சமயத்தில். அப்போதுதான் காய்ச்சலை ஆராய என்று இவரை அனுப்பிவைத்தார்கள்.

பாலக்காட்டு அக்கிரகாரத்துக்காரர். கணக்கில் பி.ஏ. காலேஜில் வாத்தியார் வேலைக்கு அலைந்து, கிடைக்காமல், மலேரியா இலாகாவில் கொசு பிடிக்கிற வேலைக்கு வந்தவர். ஒல்லி. காதுகள் மட்டும் பெரியவை, வெட்கம் வந்தால் அவைதான் முதலில் சிவக்கும். தோட்டத்தில் அவருக்குக் கொசு சாமி என்று பேர். நேரில் வெறும் சாமி.

வந்த அன்றைக்கே என்னிடம் சொல்லிவிட்டார். "எனக்கு வைத்தியம் ஒண்ணும் தெரியாது, கேட்டீரா ஓய்? கணக்கு மட்டுமாக்கும் தெரியும்."

"அப்ப நோயாளியை யாரு பாக்குறது?"

"அது நீர். நான் கிருமியைப் பார்க்க வந்திருக்கேன்."

கிருமியைப் பார்க்க வந்தவருக்குச் சர்க்கார் பித்தளையில் பளபளவென்று ஒரு பூதக்கண்ணாடி கொடுத்தனுப்பியிருந்தது. அது பெரும்பாலும் பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை. ஏன் என்று கேட்டால், "கண்ணாடியிலே பார்த்தா கிருமி தெரியும். அது அடுத்து என்ன பண்ணப்போறதுன்னு தெரியுமோ? அதுக்குக் கணக்கு வேணும்" என்பார். சீமையில் யாரோ ஒரு டாக்டர் காய்ச்சலுக்குக் கணக்குப் போட்டிருக்கிறார் என்று அவர் எங்கேயோ படித்திருந்தார். படித்தது பாதியோ முழுசோ, மீதியை அவரே யோசித்துக்கொண்டார்.

அவர் யோசனை இதுதான். கிருமியும் நம்மைப்போலக் குடும்பி. ஒரு காய்ச்சல்காரனிடமிருந்து கொசு வழியாக இன்னும் ஒருத்தனுக்காவது போய்ச் சேர்ந்தால்தான் அதற்கு வம்சம் நிற்கும். ஒருத்தனுக்கு மேல் போனால் பெருகும். ஒருத்தனுக்கும் குறைந்தால் தானாக அற்றுப்போகும். "எல்லாக் கொசுவையும் கொல்ல வேண்டாம் ஓய். எல்லாக் காய்ச்சலையும் ஆத்த வேண்டாம். அந்த ஒண்ணுக்குக் கீழே இறக்கினாப் போறும்."

"எப்படி இறக்குவீக?"

"காய்ச்சல் இல்லாதவனும் கொயினா முழுங்கணும். மழைக்கு முன்னாடி தொடங்கி, லயத்திலே ஒருத்தர் விடாம."

நான் சிரித்துவிட்டேன். காய்ச்சல் உள்ளவனே என் முகத்தில் துப்புகிறான். இதில் காய்ச்சல் இல்லாதவன் வேறு.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் வேலை கிடையாது. அன்றைக்கு அவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் அரிசி புடைக்கிற சொளகு ஒன்றைப் போட்டுக்கொண்டு உட்காருவார். சொளகில் ஆளுக்கு ஒரு மொச்சைக்கொட்டை. அதுதான் ஒரு லயம். காய்ச்சல் கண்ட ஆளுக்கு மொச்சையை எடுத்துவிட்டு ஒரு தட்டாம்பயறு வைப்பார். பிறகு தாயக்கட்டையை உருட்டுவார். விழுந்ததற்குத் தகுந்தபடி பக்கத்து மொச்சைகளைப் பயறாக மாற்றுவார். கொஞ்சம் பயறுகளைத் திரும்ப மொச்சையாக்குவார். மறுபடி உருட்டுவார். மத்தியானச் சாப்பாட்டுக்குள் சொளகில் ஒரு மழைக்காலம் முடிந்துபோகும். உடனே எல்லாவற்றையும் குவித்து, அதே மழைக்காலத்தை முதலிலிருந்து ஆரம்பிப்பார். ஒரு தடவை சொளகு முழுக்கப் பயறாகிவிடும். இன்னொரு தடவை அதே லயம், அதே காய்ச்சல், யாரும் எதுவும் செய்யாமலே அணைந்துபோகும்.

"இதுல எது சாமி நிசம்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"எல்லாமும் நடக்கலாம். நமக்கு ஒண்ணே ஒண்ணுதான் நடக்கும். அதைப் பார்த்துட்டு இதுதான் விதின்னு பறையறோம்."

இந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போனது அந்தப் பதிலினால்தான் என்று நினைக்கிறேன். பிடித்தது என்றால், எரிச்சலோடு பிடித்தது.

தோட்டத்தில் சூதாட்டம் கூடாது என்று கட்டு இருந்தது. சாமியே தாயம் உருட்டுகிறார் என்று காவல்காரன் மேனேஜரிடம் போய்ச் சொல்லிவிட்டான். மேனேஜர் மரியாதையாகவே கேட்டுக்கொண்டார்: தாயக்கட்டை வேண்டாமே, ஆட்கள் பார்த்தால் கெட்டுப்போவார்கள். இவர் ஊரிலிருந்து ஒரு பை நிறையச் சோழி வரவழைத்தார். அவருடைய அக்கா மகள்கள் விளையாடியவை. சோழி வாய் பார்த்து விழுந்தால் ஒரு கணக்கு, கவிழ்ந்து விழுந்தால் ஒரு கணக்கு. அவருக்குக் கட்டையும் சோழியும் ஒன்றுதான்.

லயத்துக்காரர்களுக்கு ஒன்றல்ல. சோழி போட்டுப் பிரசினம் பார்ப்பது இந்தப் பக்கம் முழுக்க நடக்கிற காரியம். ஆடு காணாமல் போனாலும், கல்யாணம் தள்ளிப்போனாலும் மலையாளத்து ஜோசியரிடம் போய் உட்காருகிறவர்கள் அவர்கள். இங்கே பூணூல் போட்ட பாலக்காட்டு ஐயர், ஞாயிறு தவறாமல், சொளகில் கொட்டைகளைப் பரப்பி, சோழியை உருட்டி, "மூணாம் லயத்துக்கு ஆகலையே" என்று தனக்குத்தானே தலையாட்டிக்கொள்கிறார். வேறு என்ன நினைப்பார்கள்? சூதாடி என்ற பேரிலிருந்து தப்பித்த மனிதர் ஜோசியர் என்ற பேரில் போய் மாட்டிக்கொண்டார்.

வராந்தாவுக்குக் கீழே முற்றத்தில் கூட்டம் கூட ஆரம்பித்தது. யாரும் சத்தம் போடமாட்டார்கள். கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு குந்தியிருப்பார்கள். சோழி கவிழ்ந்தால் ஒரு பெருமூச்சு கேட்கும். அவருக்கு முதலில் ஒரே சந்தோஷம். "ஜனங்களுக்குக் கணக்கிலே ருசி வந்திருக்கு ஓய்" என்றார். நான் விஷயத்தைச் சொன்னதும் காதுகள் சிவந்துவிட்டன. எழுந்து நின்று, "இது பிரச்னம் இல்லை. நான் ஜோசியனும் இல்லை" என்று முற்றத்தைப் பார்த்துச் சொன்னார். அவர்கள் இன்னும் மரியாதையாகக் குந்தினார்கள். பெரிய ஜோசியர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று கங்காணி எனக்கு விளக்கினார்.

அவருடைய மற்ற வழக்கங்களும் அந்தப் பேரைக் கழுவ உதவவில்லை. அந்தி நேரத்தில் மாட்டுக்கொட்டிலில் போய், முழங்கைவரை சட்டையைச் சுருட்டிக்கொண்டு, கொசுவுக்குக் கையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எத்தனை வந்து உட்காருகிறது என்று பார்க்கத்தான். கடிக்கிற கொசுவை நான் அடிக்கப் போனால் தடுப்பார். "விடும் ஓய். குடிச்சு முடிக்கட்டும். பொண்கொசுதான் ரத்தம் குடிக்கும், வயித்திலே முட்டை இருக்கு, பாவம்." அது குடித்து முடித்ததும் கண்ணாடிக் குழாயைக் கவிழ்த்துப் பிடித்துக்கொள்வார். அந்தப் பரிவுக்கும் அந்தக் குழாய்க்கும் நடுவே அவருக்கு ஒரு முரணும் தெரியாது.

கங்காணியின் தம்பி காய்ச்சல் தலைக்கேறிச் செத்துப்போனான். நல்ல பையன், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நான் போய்ச் சொன்னேன்.

"எந்த லயம்?" என்றார்.

எனக்குச் சுருக்கென்று வந்தது. "ஆளு போயிட்டான்னு சொல்லுதேன், நீங்க லயத்தக் கேக்கீக. மனுசன் செத்தாலும் மொச்சைக்கொட்டைதானா உங்களுக்கு?"

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. கேள்வி புரியாதவர் மாதிரி ஒரு பார்வை. பிறகு நிதானமாகச் சொன்னார்: "இந்த மழையிலே அந்த லயத்திலே எத்தனை பேர் போவான்னு என்னாலே ஒரு மாதிரி பறைய முடியும். யாருன்னு முடியாது. யாருன்னு பார்க்க ஆரம்பிச்சேன்னா எத்தனைங்கிறது எனக்கு விட்டுப்போயிடும் ஓய். ரெண்டையும் பிடிக்கிற கை எனக்கில்லை."

அன்றைக்குச் சாவு வீட்டுக்கு அவர் வரவில்லை. தூறலில் அந்த லயத்துக்கு மேலே இருக்கிற ஓடையில் இறங்கி, வெள்ளைக் கிண்ணத்தால் தண்ணீரை மொண்டு மொண்டு கொசுப்புழு பார்த்துக்கொண்டிருந்தார். இருட்டும்வரை பார்த்தார். சோறு வேண்டாம் என்றுவிட்டார். துக்கம் கேட்க அவருக்குத் தெரிந்த வழி அதுதான் என்று நான் எடுத்துக்கொண்டேன். கங்காணி அப்படி எடுத்துக்கொள்ளவில்லை, அவரைக் குறை சொல்லவும் முடியாது.

இப்போது பேச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூணாம் லயத்தில் கடைசி வீட்டுக்காரி. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்த பெண். அடுத்தடுத்த மழையில் இரண்டு பிள்ளைகளைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவள். இரண்டுக்கும் கடைசி மருந்து ஊற்றியது நான்தான், அதனால் என்னைக் கண்டால் தலையைத் திருப்பிக்கொண்டு போய்விடுவாள். ஆனால் ஞாயிறுதோறும் முற்றத்தில் முதல் ஆளாக வந்து உட்காருவாள்.

"சாமி, எம்பேரு விழுகுதா?" என்பாள்.

"பேரெல்லாம் இதிலே விழாது. எத்தனை பேர்னுதான் விழும்."

"அந்த எத்தனை பேருல நான் இருக்கனா?"

"அது எனக்குத் தெரியாது, அம்மா."

அடுத்த ஞாயிறு மறுபடி வருவாள். மறுபடி அதே கேள்வி. அவர் பொறுமையாக அதே பதில் சொல்வார். தெரியாது என்று ஒருவர் திரும்பத் திரும்பச் சொல்வது அவளுக்கு ஏதோ ஓர் ஆறுதலாக இருந்தது போலிருக்கிறது. எல்லாம் தெரிந்த மாதிரிப் பேசியவர்கள்தானே அவளிடம் இரண்டு பிள்ளைகளையும் புதைக்கச் சொன்னார்கள். அதில் நானும் ஒருவன்.

அடுத்த வருஷம் கோடை நெருங்கும்போது சொளகில் மூணாம் லயம் மோசமாக விழுந்துகொண்டே இருந்தது. எத்தனை தடவை புதிதாக ஆரம்பித்தாலும் பயறுதான் ஏறியது. ஓடைக்குப் பக்கத்திலிருந்த லயம் அது, சின்னப் பிள்ளைகள் வேறு அதிகம். லயத்தில் எல்லோரும் கொயினா முழுங்குவதாக வைத்துக்கொண்டு போட்டுப் பார்த்தார். பயறு அடங்கியது. பாதிப் பேர் துப்புவதாக வைத்துக்கொண்டு போட்டுப் பார்த்தார். மறுபடி ஏறியது. அவருக்கு அப்போது காய்ச்சல் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. கன்னம் ஒட்டி, கண் மஞ்சளாகி, கம்பளியைப் போர்த்திக்கொண்டே சோழியை உருட்டுவார்.

லயத்தில் கொயினா மாத்திரையோடு வீடு வீடாகப் போனோம். உடம்பு நன்றாக இருக்கும்போது மருந்து தின்றால் நோயை நாமே கூப்பிட்ட மாதிரி என்றார்கள் ஆண்கள். பெண்கள் சொன்ன காரணம் வேறு. கொயினா தின்றால் கரு நிற்காது. இது அவர்களுக்குள் வழிவழியாக வந்த பேச்சு. காய்ச்சலில் போகிற கரு அதைவிட எத்தனையோ அதிகம் என்று இவர் வாதாடினார். அவர்கள் மாத்திரையை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்கள். மறுநாள் அவை ஓடையோரம் வெள்ளை வெள்ளையாகக் கிடந்தன.

ஒரு ஞாயிறு அவர் மூணாம் லயத்தை மொத்தமாக முற்றத்துக்கு வரச் சொன்னார். குளித்து, விபூதி பூசி, வேஷ்டியைப் பூஜைக்குப் போலத் தட்டுடுத்தி வந்து உட்கார்ந்தார். அப்படி அவரை நான் பார்த்ததே இல்லை. சொளகில் கொட்டையைப் பரப்பினார். கண்ணை மூடிச் சோழியைக் கையில் குலுக்கிப் போட்டார். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணாம் லயத்துக்கு ஒரு தோஷம் தெரியறது" என்றார். "மழை முடியற வரைக்கும் பெரியவா சின்னவா அத்தனை பேரும் மாத்திரை முழுங்கினா அது விலகும். ஒருத்தர் துப்பினாலும் லயத்துக்கே ஆகாது."

காதுகள் ரத்தச் சிவப்பு. நிமிர்ந்து என் பக்கம் பார்க்கவேயில்லை.

எல்லோரும் போன பிறகு அவரே ஆரம்பித்தார். "கணக்கு என்ன பறஞ்சுதோ அதைத்தான் பறஞ்சேன். பாஷை மட்டும் வேற."

"சரிங்க சாமி."

"பொய்யின்னு நினைக்கிறீரா?"

"நான் ஒண்ணும் நினைக்கலைங்க. எனக்கு அலுப்பா இருக்கு. அவுக முழுங்குனாச் சரி."

முழுங்கினார்கள். அதை என் கண்ணால் பார்த்திராவிட்டால் நம்பியிருக்கமாட்டேன். காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலைக்குப் பிரித்துவிடுவதைப் பெரட்டு என்பார்கள். பெரட்டுக்களத்தில் மூணாம் லயம் மட்டும் தனியாக நின்று, மாத்திரையை வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, நாக்கை நீட்டிக் காட்டிவிட்டுப் போகும். நான் சோதிக்க வேண்டியதே இல்லை, அவர்களே ஒருவரை ஒருவர் சோதித்தார்கள். ஒரு கிழவர் மாத்திரையைக் கோழிக்குப் போட்டதைப் பார்த்துவிட்டு, பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு வைத வசவு ஸ்டோர் வரைக்கும் கேட்டது. கோழி நன்றாகத்தான் இருந்தது.

மழை வந்தது. மற்ற லயங்களில் வழக்கம்போலக் குளிரும் நடுக்கமும். மூணாம் லயத்திலிருந்து என் வாசலுக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். ஒருத்தருமே வராத நாள்கூட இருந்தது. எனக்கு அது விளங்கவில்லை, ஒரு விதத்தில் பயமாகக்கூட இருந்தது. சொளகில் விழுந்தது தரையிலும் விழுகிறதே என்று. மேனேஜர் அவரைக் கூப்பிட்டுக் கைகுலுக்கினார். பிள்ளைகளின் விலாவில் கை வைத்துவிட்டு "இல்லை" என்று சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தது. அந்த மலையில் அவர் சந்தோஷமாக இருந்த காலம் அதுதான். சாப்பிட்ட கையோடு எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டுகூட இருந்தார், சுருதி சேராமல்.

பிறகு ஒரு நாள் மத்தியானம் பேச்சியைக் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கரு கலைந்திருந்தது.

அவள் உண்டாகியிருக்கிறாள் என்பதே யாருக்கும் தெரியாது. இரண்டைப் பறிகொடுத்தவள், மூன்றாவதை வெளியே சொன்னால் கண்பட்டுவிடும் என்று மறைத்துவைத்திருந்தாள். மாமியாருக்குக்கூடச் சொல்லவில்லை. சேலையைத் தளர்த்திக் கட்டிக்கொண்டு, மற்றவர்களோடு சேர்ந்து காய் எடுத்துக்கொண்டு, மற்றவர்களோடு வரிசையில் நின்று மாத்திரையும் தின்றிருக்கிறாள். கொயினாவைப் பற்றிப் பெண்கள் சொல்வது அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? துப்பினால் லயத்துக்கே ஆகாது என்று சாமி சொல்லிவிட்டாரே. லயத்தில் எத்தனையோ பிள்ளைகள் இருக்கின்றனவே.

இரத்தம் நிற்கிறவரை நான் பக்கத்தில் இருந்தேன். வெளியே வந்தபோது அவர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கொயினாவாலேயா?"

"தெரியாதுங்க சாமி. இம்புட்டு மாத்திரைக்குக் கலையாதுன்னு டாக்டரு சொல்லுவாரு. காய்ச்சல்லயும் போகும். மூட்டை தூக்குனாலும் போகும். ஒண்ணுமே இல்லாமலும் போகும்."

"எதனாலேன்னு தெரிஞ்சுக்க வழி உண்டோ?"

"இல்லைங்க."

"ஒரு வழியும் இல்லையா ஓய்?" என்றார். எத்தனை பேர் என்பதைத் தவிர வேறெதையும் கேட்டறியாத மனிதர், அந்த ஒருத்திக்கு ஒரு காரணம் கேட்டு என் முன்னால் கையேந்தாத குறையாக நின்றார். எனக்கு அவர்மேல் வந்த இரக்கத்தை என்னால் இன்றைக்கும் சரியாகச் சொல்ல முடியவில்லை. வழி இல்லை என்று மறுபடி சொன்னேன்.

அவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். அடுத்த நாள் பெரட்டில் லயத்தின் முன்னால் நின்று, சோழிக்கு ஒன்றும் தெரியாது, தோஷம் என்று நான் சொன்னது பொய், மாத்திரை தின்பதும் தின்னாததும் உங்கள் இஷ்டம் என்று சொல்லப்போவதாகச் சொன்னார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். மழை இன்னும் முடியவில்லை. அடுத்த நாளே அத்தனை பேரும் துப்புவார்கள். குறைந்திருக்கிற காய்ச்சல் ஒரே மாசத்தில் திரும்ப ஏறும். அது உங்கள் கணக்குத்தானே சாமி என்றேன்.

"ஆமாம், என் கணக்குத்தான். ஏறும்" என்றார். "ஆனா அவா எதை நம்பி முழுங்கறாளோ அது நெஜமா இருக்கணும் ஓய். இல்லைன்னா பேச்சியோட வயித்திலே கைவெச்சது நானாக்கும்."

பெரட்டு மறுநாளும் நடக்கவில்லை, அதற்கடுத்த நாளும் நடக்கவில்லை. பேய்மழை. அந்த இரண்டாம் நாள் மாலைதான் மழை சற்று விட்டிருந்தது. அவர் வராந்தாவில் உட்கார்ந்து, மறுநாள் சொல்ல வேண்டியதை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சி முற்றத்தில் வந்து நின்றாள். எழுந்து நடக்கவே கூடாத உடம்பு. முகத்தில் ரத்தமே இல்லை. அவர் பதறி எழுந்துவிட்டார்.

"சாமி, ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்கக் கூடாது."

"கோபமா? கேளு, அம்மா."

அவள் படிக்குக் கீழே குந்தினாள். "போனது ஆணா பொண்ணான்னு சோழி போட்டுப் பாத்துச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம். மத்த ரெண்டுக்கும் பேரு இருக்கு. நெனப்பு வந்தா சொல்லிக் கூப்புட்டு அழுதுக்கிடுவேன். இதக் கூப்புட எனக்கு ஒண்ணுமே இல்ல."

அவர் என்னைப் பார்த்தார். நான் மருந்துப் புட்டிகளைப் பார்த்தேன்.

"சோழி..." என்று தொடங்கினார். அடுத்த வார்த்தை என்னவென்று எனக்குத் தெரியும். இரண்டு நாளாக அதைத்தான் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார். அவள் நிமிர்ந்து பார்த்தபடி காத்திருந்தாள். அவசரப்படுத்தவில்லை. கம்பளி நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அவர் உள்ளே போய்ப் பையை எடுத்துவந்தார். சொளகு எடுக்கவில்லை, கொட்டை எடுக்கவில்லை. வெறும் தரையில் உட்கார்ந்து சோழியைப் போட்டார். குனிந்து பார்த்தார்.

"பொண்ணாக்கும்" என்றார்.

"நல்லாப் பாத்தீகளா சாமி?"

சோழியைக் கூட்டி எடுத்து மறுபடியும் போட்டார். ஒன்று உருண்டு படிக்குக் கீழே விழுந்தது. பேச்சி அதை எடுத்துத் துடைத்து மேலே வைத்தாள்.

"பொண்ணுதான்."

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு" என்றாள். எழுந்து, தூணைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு படியேறாமலே குனிந்து தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள். என்ன பேர் வைத்தாள் என்று எங்களிடம் சொல்லவில்லை.

மறுநாள் வெயில் அடித்தது. பெரட்டுக்களத்தில் மூணாம் லயம் வரிசையாக நின்றது. மாத்திரை டப்பாவோடு நான் அவர் பேசுவதற்காகக் காத்திருந்தேன். அவர் வரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தார். "கொடும்" என்று எனக்கு ஜாடை காட்டினார். அவர்கள் முழுங்கினார்கள், நாக்கை நீட்டிக் காட்டினார்கள், கூடையை எடுத்துக்கொண்டு போனார்கள்.

திரும்பி வரும்போது கேட்டேன், "சொல்லலையா சாமி?"

"இனிமே எப்படி ஓய் பறைய?" என்றார். "சோழி பொய்யின்னு பறஞ்சா, அவளுக்கு அந்தப் பொண்ணும் இல்லாமப் போயிடுமே."

ஆஸ்பத்திரிக்கு வந்துசேர்ந்தோம். நாலாம் லயத்துக்காரர்கள், தங்களுக்கும் சோழி போடச் சொல்லி, பிள்ளைகுட்டிகளோடு முற்றத்தில் வந்து குந்தியிருந்தார்கள்.